சங்கிலி கட்டிய கால்

பெயிண்ட் இன்ஸ்பெக்டர் என்று சொன்னால், வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்களை மேய்க்கிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்திகளில் இதை விளக்கிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால், ஏதோ ஒரு கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கடலில் நிற்கிற இரும்பு எந்நேரமும் துருவாகிவிடத்தான் பார்க்கும். அதற்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் நாலைந்து தலைமுடி கனத்துக்கு ஒரு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதும், தோற்றுப்போனால் ஏன் தோற்றது என்று கண்டுபிடிப்பதும் என் பிழைப்பு. முக்கால்வாசி நேரம் தப்பு பெயிண்ட் மேல் இருக்காது, ஆட்கள் மேல்தான் இருக்கும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த இரும்பில் வியர்த்த கையை வைத்திருப்பார்கள். பனி காய்வதற்குள் அவசரப்பட்டு அடித்திருப்பார்கள். வெல்டிங் தையல் மேலும் விளிம்புகள் மேலும் பிரஷ்ஷால் ஒரு கை இழுத்துவிட்டுத்தான் ஸ்பிரே பிடிக்க வேண்டும், யார் இழுக்கிறார்கள். ஆறு மாதத்தில் அந்த இடம் கொப்புளம் போடும், உடையும், மஞ்சளாகத் துரு வடியும். நான் போய் நாலு திட்டு திட்டிவிட்டு, சுரண்டி மறுபடியும் அடிக்கச் சொல்லிவிட்டு வருவேன். திட்டு வாங்கியவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

மீள்தோல் என்கிற புதுப் பூச்சு வந்ததும் அதெல்லாம் போயிற்று. அதைக் கீறினால் தானே மூடிக்கொள்ளும். கீறல் வழியாகத் துரு பிடித்தால், அந்தத் துருவையே இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்ளும். கொப்புளம் கிடையாது, உரிவது கிடையாது, துரு வடிவது கிடையவே கிடையாது. எத்தனை வருஷமானாலும் குழந்தைக் கன்னம் மாதிரி வழுவழுவென்று கறுப்பாக இருக்கும். சுரண்டுகிறவர்கள், மணல் பீய்ச்சுகிறவர்கள், ஸ்பிரே பிடிக்கிறவர்கள் எல்லோரையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சட்டப்படி ஒரு கையெழுத்து தேவைப்பட்டதால் என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலை குறைந்ததே தவிர அசதி குறையவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாத வேலை எனக்கு ஒத்துவரவில்லை.

மன்னார் வளைகுடாவில் எங்களுக்கு மூன்று நீர்மேடைகள். நீர்மேடை என்றால் நாலு பெரிய இரும்புக் குழாய்க் கால்களின் மேல் கடலில் நிற்கிற தொழிற்சாலை. கடல்நீரைக் குடிநீராக்கிக் கரைக்கு அனுப்பும். இரண்டு மாவட்டங்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. ஒவ்வொரு மேடையிலும் பதினொரு பேர் தங்கி வேலை பார்ப்பார்கள். மூன்றாம் மேடையின் பதினொரு பேரில் ஒருத்தி என் மகள் நிறைமதி. தண்ணீரைப் பரிசோதிக்கிற வேதியியல் வேலை அவளுக்கு. அவள் அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான் என்று சொன்னால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். இருந்தாலும் உண்மை அதுதான்.

அந்த ஐப்பசியில் அரையாண்டுச் சோதனைக்காக மூன்றாம் மேடைக்குக் கிளம்பினேன். வழக்கமாகக் கம்பெனி லாஞ்ச் என்னைக் கொண்டுபோய் மேடையின் நடுவில் தொங்குகிற கூடையில் ஏற்றிவிடும். அன்றைக்கு லாஞ்ச் சர்வீஸுக்குப் போயிருந்தது. மேடைக்குக் காய்கறியும் ஆட்களும் ஏற்றிப் போகிற சூசை மிக்கேல் அண்ணனின் விசைப்படகில் வேம்பாற்றிலிருந்து போனேன். அறுபதை ஒட்டிய ஆள். கிழக்கே காற்றழுத்தம் ஒன்று உருவாகியிருப்பதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. வானம் என்னவோ பளிச்சென்று இருந்தது.

மேடைக் காலை ஒட்டிப் படகை நிறுத்தியதும், அவர் ஒரு பழைய நங்கூரச் சங்கிலியை எடுத்துக் காலைச் சுற்றிப் போட்டு இறுக்கினார். அலைக்கு அலை படகு ஏறி இறங்க, சங்கிலி இரும்பின் மேல் கறகறவென்று தேய்த்தது. எனக்குப் பல் கூசியது. கயிறு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கயித்தக் கட்டுனா ரெண்டு நாளைக்கு நிக்காது மேடம். கால்ல ஒட்டிக் கெடக்குற சிப்பி அறுத்துப் போட்டுருது. மூணு மேடைக்கும் போற படகெல்லாம் இப்பிடித்தான் கட்டுதோம். இந்தா, நீங்களே பாருங்க. ஒரு கீறல் இருக்கா?"

இல்லை. ஆறு வருஷமாகத் தினமும் சங்கிலி தேய்த்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய பெயிண்டாக இருந்திருந்தால் முதல் வாரமே மஞ்சள் கோடு வடிந்திருக்கும். நான் வந்து கத்தியிருப்பேன், ரப்பர் சுற்றச் சொல்லியிருப்பேன். மீள்தோல் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் யாரும் கத்தவில்லை. என் சோதனைப் புள்ளிகள் எல்லாம் வரைபடத்தில் மேலே குறித்தவை. படகு கட்டுகிற இடத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

கூடை இறங்குவதற்காகக் காத்திருந்த நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் சங்கிலிக்குக் கீழே மீட்டரை வைத்தேன். பூச்சுக்கு அடியில் இரும்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். எண் வரவில்லை. மீட்டரின் எல்லைக்கு மேல் என்று ஒரு கோடு வந்தது. கூடவே பச்சை விளக்கு எரிந்தது. குறைந்தபட்சம் எவ்வளவு கனம் வேண்டும் என்பது மட்டும்தான் அந்த மீட்டருக்குத் தெரியும். கூடினால் அதற்குச் சந்தோஷம்.

மேலே போய் மெஸ்ஸில் நிறைமதியைப் பிடித்தேன். நான் சொன்னதை அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். பூச்சு கனத்திருக்கிறது என்றால் நல்லதுதானே என்றாள். யாரும் மறுபடி அடிக்காமல் அது எப்படிக் கனக்கும், அதற்கு எங்கிருந்து சதை வந்தது என்று கேட்டேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அது துருவைத் தின்னு வளருதும்மா," என்றாள் மெதுவாக. "துரு இரும்புலேருந்து வருது. சங்கிலி தேய்க்கத் தேய்க்கக் கொஞ்சம் இரும்பு துருவாகும். அதைத் தின்னு தோல் மூடும். மறுநாள் மறுபடியும் தேய்க்கும்."

"அப்ப அந்த இடத்துல இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

அவளுக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. காலுக்கு உள்ளே சென்சார்கள் இருக்கின்றன, இரும்பைத் தட்டிக் கேட்டுக் கனம் சொல்கிறவை. ஆனால் இறுகிப்போன மீள்தோலைத் தட்டினாலும் இரும்பு மாதிரியேதான் சத்தம் வரும். தெரிந்துகொள்ள ஒரே வழி துளை போடுவது. மீள்தோலில் யாராவது வேண்டுமென்றே துளை போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று அதைத் தயாரித்த கம்பெனி எல்லா மேடையிலும் எழுதி ஒட்டியிருந்தது. நான் ஒர்க்ஷாப்பில் டிரில்லை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். நிறைமதி கேட்காமலே கூட வந்தாள்.

முதலில் சங்கிலிக்கு ஒரு கை மேலே போட்டேன். கொஞ்சம் கறுப்புத் தூள், பிறகு வெள்ளிச் சுருள் சுருளாக இரும்பு. நல்ல இரும்பு. பிட் சூடேறி நகராமல் நின்றது. அடுத்தது சங்கிலி தேய்க்கிற இடம். கறுப்புத் தூள் வந்தது, டீத்தூள் மாதிரி. வந்துகொண்டே இருந்தது. ஒரு சுருள்கூட வரவில்லை. பிட் நெய்யில் இறங்குவது போல இறங்கிச் சட்டென்று உள்ளே போய்விட்டது. துளை வழியாக அடைபட்டுக் கிடந்த காற்று நாற்றத்தோடு முகத்தில் அடித்தது. இரண்டு விரல்கடை கனத்துக்கு இரும்பு இருக்க வேண்டிய சுவர் அது. பூச்சு மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. காப்பாற்ற வைத்தது, காப்பாற்ற வேண்டியதைத் தின்று தீர்த்திருந்தது.

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயத்துக்கும் முன்னால் வந்தது அசதிதான். இதை இனி யாரிடமெல்லாம் சொல்லி நம்பவைக்க வேண்டும் என்று நினைத்ததுமே உடம்பு ஓய்ந்துவிட்டது. தூளைக் கொஞ்சம் டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டேன்.

கரையில் மூன்று மேடைகளுக்கும் பொறுப்பாளர் கிரிதரன். கெட்டவர் இல்லை. தண்ணீர் ஒரு மணி நேரம் நின்றாலும் கலெக்டர் ஆபீஸிலிருந்து கட்சிக்காரர் வரைக்கும் அவரைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவரே சின்ன வயசில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர். மேடையின் ரேடியோபோனில் நான் சொல்வதைக் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். ஆட்களை இறக்குங்கள், காலுக்கு வெளியே புது இரும்பு போர்த்தும் வரை மேடையை நிறுத்துங்கள் என்றேன்.

"மேடம், உங்க மீட்டர் பச்சை காட்டுது," என்றார். "சென்சார் முழு கனம்னு சொல்லுது. உத்தரவாதம் கொடுத்த கம்பெனி ஒண்ணுமில்லைன்னு சொல்லுது. உங்க ஒரு ஆள் பேச்சுக்கு ரெண்டு மாவட்டத்துத் தண்ணியில மூணுல ஒரு பங்கை நிறுத்தினா நான் என்ன பதில் சொல்றது?"

அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் புயல்தான் கை கொடுத்தது. எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று, புயல் விதிப்படி ஆட்களை இறக்கிக்கொள்ளலாம், காலைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று முடித்தார். காரணம் எதுவாக இருந்தால் என்ன. பதினொரு பேரும் சூசையண்ணன் படகில் கரை சேர்ந்தார்கள். அன்றைக்கு மகளை வீட்டில் படுக்கவைத்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புயல் வரவில்லை. அதாவது, எங்களுக்கு வரவில்லை. கடைசி நேரத்தில் வடக்கே திரும்பி எங்கோ போய்க் கரையேறியது. எங்கள் பக்கம் இரண்டு நாள் மழையும் பெரிய அலையும்தான். மேடை அசையாமல் நின்றது. ஆனால் அங்கிருந்து வருகிற தண்ணீர் நின்றுபோயிருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் லாரியை மறித்துச் சண்டை. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டது என்று செய்தியில் காட்டினார்கள். கட்டுப் போட்ட கையோடு அவள் குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

மழை விட்டதும் கிரிதரன் நிபுணர்கள் குழுவோடு மேடைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். துளை எங்கே என்று கேட்டார்கள். நான் காலைத் தடவித் தடவித் தேடினேன். ஏணியிலிருந்து கை எட்டுகிற தூரம், சங்கிலி தேய்க்கிற அதே தடத்தில், எனக்கு மறக்குமா. அங்கே எதுவும் இல்லை. மேலே போட்ட துளையும் இல்லை. இரண்டையும் மீள்தோல் மூடிவிட்டிருந்தது. மூடிய தடம்கூடத் தெரியவில்லை. இன்னொரு துளை போட விடுங்கள் என்று கெஞ்சினேன். மீள்தோல் கம்பெனியின் வக்கீல் படகிலேயே உட்கார்ந்திருந்தார், தலையை ஆட்டிவிட்டார்.

என் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். தூள் ஈரத்தில் இறுகி, பாக்ஸின் வடிவத்திலேயே வழுவழுப்பான கறுப்புக் கல்லாகியிருந்தது. அதை லேபுக்கு அனுப்பினார்கள். முதல் தரமான மீள்தோல், பழுது ஏதும் இல்லை என்று பதில் வந்தது. அது மீள்தோல்தான் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. என் புகாரே அதுதான். இதைச் சொன்னபோது குழுவில் ஒருவர் சிரித்தார், நான் ஏதோ ஜோக் அடித்தேன் என்று.

மறுநாள் காலை ஆட்கள் மேடைக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் படகில் நிறைமதி. அவள் போய்ப் பரிசோதித்துச் சொன்னால்தான் குழாயைத் திறக்க முடியும்.

அவள் பையில் துணி மடித்துவைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்தாயே, உன் கண் முன்னால்தானே துளை போட்டேன் என்றேன்.

"பாத்தேன்," என்றாள். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அங்க ஜனங்க குடத்தைத் தூக்கிட்டு அடிச்சுக்கிறாங்கம்மா. அவ்வளவு அலையிலயும் நின்னுச்சே, இன்னும் நாலு மாசம் நிக்காதா? அதுக்குள்ள யாராவது உன் பேச்சைக் கேப்பாங்க."

"நிக்காம போனா?"

அவள் கடைசித் துணியையும் பைக்குள் திணித்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். என்னால் அவளைத் தடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பிடிவாதம் என்னிடமிருந்துதான் போயிருக்கிறது.

அலைக்கு நின்றதன் காரணமும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. மேலேயிருந்து எடை அழுத்துகிற வரைக்கும் அந்த இறுகிய தோல் தாங்கும். அலை நாலு கால்களையும் சேர்த்துத் தள்ளும்போதும் மற்ற மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் அதே இடத்தில், அந்த ஒரு காலை மட்டும், பக்கவாட்டில் பலமாக யாராவது இழுத்தால் தாங்காது. அதற்குப் புயல் வேண்டியதில்லை. சங்கிலி கட்டியபடி ஒரு படகு பெரிய அலையில் பின்னால் போனால் போதும். படகுகள் தினமும் அங்கேதான் கட்டிக்கொண்டிருந்தன.

மதியம் வேம்பாற்றுக்குப் போய்ச் சூசையண்ணனைப் பார்த்தேன். வலையை உதறிக்கொண்டிருந்தார். இப்போது மேடையில் ஒருத்தரும் இல்லை, நாளைக்கு இருப்பார்கள், அதனால் இன்றைக்கே போய்ச் சங்கிலியைக் கட்டி இழுத்துப் பார்த்துவிடுவோம் என்றேன். உடையவில்லை என்றால் நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். உடைந்தால் நாம் இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம், உங்கள் படகும் போகும். எதையும் மறைக்காமல் சொன்னேன். உடையக் கூடாது என்றும் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். நான் முட்டாளாகி, தண்ணீர் வந்து, மகளும் பத்திரமாக இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு.

அவர் கையிலிருந்த வலையை இன்னும் இரண்டு முறை உதறினார். பிறகு வலையைக் கீழே போட்டார்.

"சங்கிலியக் கட்டுனது நாங்கதான மேடம். நம்ம பிள்ளையள நாந்தான் காலைல ஏத்திட்டுப் போகணும். இழுத்துப் பாத்துருவோம். வாங்க."

வெயில் தாழ்வதற்குள் மேடையை அடைந்தோம். மேலே ஏறி ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன், யாரும் இல்லை. கீழே வந்து படகில் ஏறியதும் அவர் சங்கிலியைக் கட்டினார், வழக்கமான இடத்தில், வழக்கமான முடிச்சு. இன்ஜினை ரிவர்ஸில் போட்டார். சங்கிலி விறைத்தது. படகு நடுங்கியது. ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினேன்.

இரும்பு உடைவதை நான் கேட்டிருக்கிறேன். முதலில் முனகும், வளையும், நேரம் எடுத்துக்கொள்ளும். இது முனகவில்லை. மண்பானை உடைகிற சத்தம்தான் வந்தது. சங்கிலி தளர்ந்து படகு பின்னுக்குப் பாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது காலில் பாதியைக் காணோம். மேடை ஏதோ யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்த மூலை இறங்கத் தொடங்கியது. தங்கும் அறைகள் இருந்த மூலை அதுதான். மேஜைகளும் பாத்திரங்களும் உருண்டு கடலில் விழுகிற சத்தம் கேட்டது. அறைகள் இருந்த தளம் முழுவதும் தண்ணீருக்குள் போன பிறகுதான் மேடை நின்றது.

சூசையண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் எதுவும் செய்யவில்லை. சரியாகச் சொன்னோம் என்கிற சந்தோஷம் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. இரண்டு மாவட்டத்துத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை என் கையால் உடைத்திருந்தேன்.

கரைக்கு வந்ததும் நாங்களே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னோம். பொதுச் சொத்துக்குச் சேதம், சதி, இன்னும் என்னென்னவோ பிரிவுகள். படகைப் பறிமுதல் செய்தார்கள். ஜெயிலுக்குள் இருந்தபோது, உடைந்த முனையைப் போய்ப் பாருங்கள், அதில் இரும்பே இருக்காது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். விசாரணைக் குழு கடல் அடங்கும்வரை காத்திருந்து, பத்து நாள் கழித்துப் போனது. என் வக்கீல் எனக்குப் புகைப்படத்தைக் கொண்டுவந்து காட்டினார். உடைந்த முனை உருண்டையாக, கறுப்பாக, பளபளவென்று மூடியிருந்தது. அங்கே எதுவும் உடைந்ததாகவே தெரியவில்லை. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். வக்கீல் பயந்துபோனார்.

படகால் இழுத்ததால்தான் கால் முறிந்தது என்று அறிக்கை வந்தது. அது பொய் இல்லை. மற்ற இரண்டு மேடைகளுக்கும் முன்னெச்சரிக்கையாக, படகு கட்டுகிற கால்களில் மீள்தோலை இன்னொரு கோட் கனமாக அடிக்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை. நிறைமதியையும் மற்ற பத்துப் பேரையும் இரண்டாம் மேடைக்கு மாற்றினார்கள்.

ஜாமீனில் வெளியே வந்தேன். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து, கடற்கரைப் பக்கம் தலை காட்டக் கூடாது. தெருவில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது பெண்கள் காலிக் குடத்தைச் சத்தமாகத் தட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நிறைமதி என்னோடு சரியாகப் பேசவில்லை. சமைத்து வைத்ததைச் சாப்பிட்டாள், தன் தட்டைக் கழுவினாள். இரண்டாம் மேடைக்குக் கிளம்பும் அன்று வாசலில் நின்று, நீ செஞ்சது எங்களுக்காகத்தான்னு எனக்குத் தெரியும், ஆனா அங்க இருக்கிறவங்க முகத்தை நான்தான் பாக்கணும் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஓடிப்போய் ஆட்டோவை மறிக்கலாமா என்று தோன்றியது. மறித்து என்ன சொல்வது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது, உடைக்க வேண்டியதையும் உடைத்தாகிவிட்டது. உள்ளே வந்து படுத்துவிட்டேன்.

உச்சி வெயில் நேரத்தில் போன் அடித்தது. நிறைமதிதான். மேடையில் சிக்னல் கிடைக்காது, அப்படியென்றால் இன்னும் கரையில்தான் இருக்கிறாள்.

"நீ படகுக்காரங்களுக்குச் சொல்லிக்கொடுத்தியா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது.

நான் கடற்கரைப் பக்கமே போகக் கூடாதே, யாரிடம் சொல்வது என்றேன். சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

எல்லாப் படகிலும் இன்ஜின் ரிப்பேராம். வேம்பாற்றில் மட்டும் இல்லை, மூக்கையூரிலும் அப்படியேதானாம். காலையிலிருந்து ஒருவர்கூட மேடைக்கு ஆள் ஏற்றவில்லை. நேற்றுவரை மீன் பிடித்துக்கொண்டு வந்த படகுகள் எல்லாம் இன்றைக்கு வரிசையாகக் கரையில் கிடக்கின்றனவாம். கம்பெனி லாஞ்சையாவது எடுக்கலாமே என்றால், அதை ஓட்டுகிறவன் சூசையண்ணனின் அக்கா மகன். அதுவும் ரிப்பேர்தான் என்கிறானாம். கிரிதரன் வந்து கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஸ்பேர் பார்ட்ஸ் வரணும் சார் என்கிறார்கள்.

"எப்ப சரியாகும்னு நான் கேட்டேன்," என்றாள் நிறைமதி. "ரெண்டாம் மேடைக் காலை அவங்க கண் முன்னாடி துளை போட்டுக் காட்டினா அன்னிக்கே சரியாயிடும்னு சொல்றாங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.  பின்னால் கடலின் சத்தமும், யாரோ இருமுகிற சத்தமும் கேட்டன.

"அம்மா, இருக்கியா? கிரிதரன் சார் பக்கத்துலதான் நிக்கிறாரு. கம்பெனி வக்கீல் என்ன சொன்னாலும் பாத்துக்கலாம்னு சொல்றாரு." அவள் குரல் தாழ்ந்தது. கோபத்தைக் காணோம். "பிட் எவ்வளவு நீளம் வேணும்னு உன்கிட்ட கேக்கச் சொன்னாரு."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"இருக்கிறதுலயே நீளமானதா எடுத்துட்டுப் போகச் சொல்லு," என்றேன். "துளை போட்டதும் அங்கேயே நின்னு பாத்துடணும். படகுக்காரங்களும் பாக்கணும், வக்கீலும் பாக்கணும். சாப்பிட்டுட்டு வந்து பாக்கலாம்னு யாராவது சொன்னா விட்டுடாதே. அதுக்குள்ள மூடிக்கும்."